எட்டாம் எண் வீட்டின் நூற்றறுபது கிராம்

அனுப்புநர்
எடைக் கருவிப் பழுதுநீக்குநர்,
எட்டாம் எண் வீடு, நான்காம் மாடி,
தண்ணீர்த்தொட்டிக் குடியிருப்பு.

பெறுநர்
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பிளாஸ்டிக்கைக் குறைத்த குற்றத்துக்காக எங்கள் கதவில் ஒட்டப்பட்ட சிவப்புச் சீட்டை அகற்றவும், பள்ளிக்கு அனுப்பிய பட்டியலைத் திருத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எடைக் கருவிகளைச் சரிபார்த்துப் பழுது நீக்குபவன். அக்காவுடனும் அவருடைய இரண்டு பிள்ளைகளுடனும் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு நான்கு.

2. எட்டு மாதங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாமல் பிளாஸ்டிக் சேர்ந்தது. பிள்ளைகள் உள்ள வீடு எப்படி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தங்கள் வீட்டில் விசாரிக்கவும். பள்ளியின் பசுமைக் குழுவில் சேர்ந்த மூத்தவள்தான் ஒரு சட்டம் போட்டாள். வீட்டுக்குள் பிளாஸ்டிக் கொண்டுவருபவர் அதற்கான காரணத்தை ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் சிலேட்டில் எழுத வேண்டும். அன்றிலிருந்து பால் தூக்குச்சட்டியில் வருகிறது, மளிகை துணிப்பையில் வருகிறது, பள்ளிச் சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில் போகிறது. இளையவன் தன் கார்ட்டூன் குவளைக்காக ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் போராடினான். உடையும்வரை அதை வைத்துக்கொள்ளலாம், புதிது மட்டும் வாங்கக் கூடாது என்று மூத்தவள் தீர்ப்புச் சொன்னாள். இவ்வளவு தெளிவான ஒரு சுற்றறிக்கை தங்கள் அலுவலகத்திலிருந்து வந்து நான் பார்த்ததில்லை. சிப்ஸ் பாக்கெட்டுக்காக நானே இரண்டு முறை சிலேட்டில் எழுதியிருக்கிறேன். ‘பசித்தது’ என்ற காரணம் ஏற்கப்படவில்லை.

இப்போது வாரத்துக்குச் சேர்வது நூற்றறுபது கிராம். மாத்திரை அட்டை, இருமல் மருந்துப் புட்டி போன்றவை. என் சொந்தத் தராசில் நிறுத்துச் சொல்கிறேன்.

3. தங்கள் ‘பிளாஸ்டிக் இல்லா இல்லம்’ திட்டப்படி சனிக்கிழமைதோறும் வண்டி வருகிறது. பிளாஸ்டிக் பையைக் கொக்கித் தராசில் மாட்டினால், எடை வீட்டு அட்டையில் ஏறும். இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம் விழுந்தால், அந்த வீடு பிளாஸ்டிக்கை எரிக்கிறது அல்லது சாக்கடையில் கொட்டுகிறது என்று முடிவுகட்டி, கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறார்கள். பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லும் திட்டத்தில், குறைத்த வீடு என்று ஒன்று இருக்கலாம் என்பது யாருக்குமே தோன்றவில்லை.

4. அந்தத் தராசு ஐம்பது கிலோவரை நிறுப்பது. ‘குறைந்த அளவு 400 கிராம்’ என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அதற்குக் கீழே எதை மாட்டினாலும் பூஜ்யம்தான் காட்டும். இது தராசின் பழுது அல்ல. மூட்டை நிறுக்கும் தராசில் மாத்திரை அட்டையை நிறுக்கச் சொன்னவர்களின் பழுது. அதை நீக்கும் கருவி என் பையில் இல்லை.

வண்டி மேற்பார்வையாளரிடம் பிள்ளைகளின் முன்னிலையில் இதை விளக்கினேன். “தம்பி, மிஷின் பொய் சொல்லாது. அதுல ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் இல்லதான்” என்றார். எங்கள் பை அப்போது அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

5. மூன்று வாரத்துப் பிளாஸ்டிக்கைச் சேர்த்து மாட்டலாம் என்றால், அதற்குள் இரண்டு பூஜ்யம் விழுந்து சீட்டு வந்துவிடும். இதைச் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே வழி சொன்னார்: “பேசாம வாரம் ரெண்டு பாட்டில் கூல்டிரிங்ஸ் வாங்குங்க சார். குடிச்ச மாதிரியும் ஆச்சு, குடுத்த மாதிரியும் ஆச்சு.” காலி பாட்டில் ஒன்று முப்பது கிராம் இருக்கும். இரண்டைச் சேர்த்தாலும் மொத்தம் இருநூற்றிருபது. அப்போதும் பூஜ்யம்தான். தப்பு யோசனையைக்கூட அங்கே சரியாகச் சொல்ல ஆளில்லை.

6. இதே மாதம், மூன்று வேளையும் ஹோட்டல் பொட்டலம் வந்திறங்கும் எங்கள் கீழ் வீட்டுக்கு, பதினொரு கிலோ கொடுத்ததற்காகச் ‘சிறந்த இல்லம்’ விருது வழங்கினீர்கள். பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. எங்கள் சிவப்புச் சீட்டையும், மழையில் நனைந்துவிடக் கூடாது என்று, லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார்கள். எட்டு மாதத்தில் சிலேட்டில் காரணம் எழுதாமல் எங்கள் வாசலுக்கு வந்த பிளாஸ்டிக் அது ஒன்றுதான்.

7. இதுவரை சொன்னதைச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் சிவப்புச் சீட்டு வீடுகளின் பட்டியலைப் பள்ளிக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், மூத்தவளின் சட்டையில் குத்தியிருந்த பசுமைக் குழு வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை; பிறகு பள்ளியில் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம். வில்லை எங்கே என்று அக்கா கேட்டதற்கு, பழைய சட்டையில் இருக்கிறது என்றாள்.

கடந்த செவ்வாயன்று, இளையவனின் பந்தை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது ஒரு துணிப்பை கிடைத்தது. உள்ளே தயிர் டப்பாக்கள், கூல்டிரிங்ஸ் பாட்டில்கள், பொட்டலக் கவர்கள், எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன. கீழ் வீட்டுக் குப்பைத் தொட்டியிலிருந்து, பள்ளி விட்டு வரும்போது எடுத்துச் சேர்த்திருக்கிறாள். அவள் பெருவிரலில் ஒரு வாரமாக இருந்த வெட்டு பென்சில் சீவியதால் வந்ததல்ல என்பதும் அப்போதுதான் விளங்கியது. நான் திட்ட ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. “நானூறு கிராம் வேணும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க? நம்ம வீட்ல அவ்ளோ இல்லையே” என்றாள்.

இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

8. ஆகவே, வரும் சனிக்கிழமை வண்டி வருவதற்குள் சிவப்புச் சீட்டை அகற்ற வேண்டும். பிழை அலுவலகத்துடையது, பிள்ளையுடையது அல்ல என்று பள்ளிக்கு எழுத வேண்டும். வில்லையை எந்தக் கூட்டத்தில் கழற்றினார்களோ அதே கூட்டத்தில் திருப்பிக் குத்த வேண்டும். தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து அனுப்புவதை ஏற்க மாட்டோம். வண்டிக்கு ஒரு சிறிய தராசும் வேண்டும். வாங்கக் கோப்பு நகர வேண்டும் என்றால், நகரும்வரை என்னுடையதைச் சரிபார்த்து இரவல் தருகிறேன்.

இவை நடக்காவிட்டால், எரிக்காத, கொட்டாத, குறைத்த ஒரு பிள்ளை சனிக்கிழமைக்குள் மறுபடி அடுத்தவர் குப்பையைச் சேர்த்து, தங்கள் கொக்கியில் மாட்டி நல்ல பெயர் வாங்கிவிடுவாள். தராசும் அதை ஒரு கிராம் பிசகாமல் காட்டும். அவளுக்குத் தங்கள் திட்டம் கற்றுக்கொடுத்த முதல் பொய்யாக அது இருக்கும். அதைத் தடுக்கத் தங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது.

பதிலை வெறும் தாளில் அனுப்பவும். பிளாஸ்டிக் கவர் போட்டு வந்தால் யாராவது சிலேட்டில் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

இணைப்பு:
அ) வீட்டு அட்டையின் நகல்.
ஆ) தராசின் முகப்புப் படம்.
இ) கட்டிலுக்கு அடியில் இருந்த பை. எடை 610 கிராம். எங்கள் அட்டையில் ஏற்ற வேண்டாம், எங்களுடையது அல்ல.

நாள்: ஜூன் 12, வியாழன்
இடம்: சிவப்புச் சீட்டு ஒட்டிய கதவின் உள்பக்கம்

(ஒப்பம்)
எடைக் கருவிப் பழுதுநீக்குநர்