பெட்டிக்குள் வந்த மஞ்சள் பலகை

செப்டம்பர் 6

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள்.

வெளிநாட்டு ஊர் என்று பெயர், ஒரே தெரு. அந்தக் கோடியில் கல்லூரி, இந்தக் கோடியில் என் அறை, நடுவில் ரொட்டிக் கடை, மருந்துக் கடை, தபால் ஆபீஸ். ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என் செருப்புச் சத்தம்தான் எனக்குத் துணை. இரண்டு மாடிக்கு மேல் ஒரு கட்டடம் கிடையாது. நீங்கள் இங்கே வந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். வகுப்பில் எல்லோரும் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். பதினொரு வருஷம் குடிநீர் லேபில் வேலை பார்த்தவள், இங்கே ஒரு மெஷினைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை கையேட்டைப் புரட்டுகிறேன். பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பெட்டியின் அடியில், ஸ்வெட்டருக்குக் கீழே, உங்கள் மஞ்சள் தகரப் பலகை இருந்தது. ரிப்பேர் செய்யும்போது லிஃப்ட் கதவில் மாட்டுவீர்களே, ஸ்பானர் படமும் ‘நில்’ என்று காட்டும் கையும் போட்டது, அதேதான். வீட்டில் கோபம் வந்தால் அதைப் படுக்கையறைக் கதவில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். நீங்கள் எடுக்கும்வரை நான் பேசக் கூடாது. இந்த இரண்டு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்ததைச் சொன்ன அன்று மாட்டியது நான்கு நாள் தொங்கியது. அதை ஏன் என்னோடு அனுப்பினீர்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
தண்ணீர் டாக்டர்

*

செப்டம்பர் 20

அன்புள்ள தண்ணீர் டாக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடியும் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நான் கதவைத் திறப்பதற்குள் கூட மாட்டிக்கொண்ட இரண்டு பேரிடம் பாலிசிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். உன் தம்பி வந்தான். நான் வடித்ததைப் பார்த்து, “என்ன மாமா, சோறா கஞ்சியா?” என்று கேட்டுவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்

*

அக்டோபர் 8

அன்புள்ளவருக்கு,

ஏஜென்ட் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை முதல் தேர்வின் முடிவு வந்தது. நான் பெயில். பேராசிரியர் திட்டக்கூட இல்லை, தாளை மடித்துக் கையில் கொடுத்தார். அறைக்கு வந்தேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. என்ன தோன்றியதோ, உங்கள் பலகையை எடுத்துக் கதவுக்கு வெளியே மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். நம் வீட்டு வழக்கம் இந்த ஊருக்கு எப்படித் தெரியும்?

கால் மணி நேரத்தில் வீட்டுக்கார அம்மா தட்டினார். “என்னம்மா உடைஞ்சுபோச்சு?” ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல் போய் பிளம்பரைக் கூட்டிவந்தார். அவர் குழாயைத் திறந்து, மூடி, தலையைச் சொறிந்தார். அடுத்து எலக்ட்ரீஷியன். அவருக்குப் பின்னால் ரொட்டிக் கடைக்காரர் ஏணியோடு வந்தார். ஏணி எதற்கென்று அவருக்கும் தெரியாது.

“எதும்மா ரிப்பேரு? சொன்னாத்தானே பாக்க முடியும்?” என்று பிளம்பர் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெயிலானது, பலகை, நீங்கள் என் மேல் கோபமாக இருப்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒருவரும் கிளம்பவில்லை. கட்டிலிலும் ஏணிப் படியிலுமாக உட்கார்ந்து கேட்டார்கள். மறுநாளிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் “சரியாயிடுச்சா?” என்கிறார்கள். மானம் போய்விட்டது. ஆனால் இங்கே வந்த நாளிலிருந்து முதல்முறையாக எனக்குப் பசித்தது.

ஊரே கேட்டுவிட்டது. கேட்காதவர் நீங்கள் ஒருவர்தான். விமான நிலையத்துக்கு வரவில்லை, பலகையை மட்டும் அனுப்பினீர்கள். இரண்டு வருஷம் பேசாதே என்று அர்த்தமா? திரும்பியே வராதே என்று அர்த்தமா? நவம்பர் முதல் வாரத்துக்குள் பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். தபால் வரும் நேரத்தில் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை, படிப்பும் ஓடவில்லை.

நான்

*

அக்டோபர் 23

அன்புள்ள உனக்கு,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தாகிவிட்டது. இதைத் திரும்பப் படிக்காமல் தபாலில் போடப்போகிறேன்.

நீ கிளம்பிய அன்று காலையில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கும் மாட்டத்தான் பலகையை எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலில் உன் பெட்டி திறந்திருந்தது. அலமாரியில் உன் பக்கம் காலி. நீ போன வீட்டில் இதை மாட்டிவிட்டு நான் யாரோடு பேசாமல் இருப்பது? வீட்டில் கிடந்தால் என்றைக்காவது மறுபடி மாட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் உன் பெட்டிக்குள் திணித்தேன். சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமான இந்த எட்டு வருஷமாகப் பேச வேண்டிய இடத்தில் தகரத்தை மாட்டியே பழகிவிட்டேன்.

விமான நிலையத்துக்கு வராதது தப்பு. வந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். உன் கார் போன பிறகு நம் கட்டட லிஃப்டில் ஏறி மூன்று தடவை மேலும் கீழும் போனேன். எதிர்வீட்டுக்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, “லிஃப்ட் ரிப்பேரா?” என்றார். ஆமாம் என்றேன்.

அந்தப் பரீட்சையை மறுபடி எழுது. கம்பெனியில் பலகை எங்கே என்று கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் நீ வரும்போது அது வேண்டாம். பிளம்பரிடமே கொடுத்துவிடு. நான் கேட்டிருக்க வேண்டியதை அவர்தான் கேட்டிருக்கிறார்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய். மூன்றாவது நிமிடம் சண்டை வந்தால் வரட்டும். நான் வைக்க மாட்டேன்.

உன்
லிஃப்ட்காரன்