சாப்பாட்டு மேசையில் எஞ்சின்

என் மருமகளுக்கு,

அன்று சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் நீ, நான், எதிர்வீட்டு மெக்கானிக், என் மகன். மேசைமேல் நம் சின்னக் காரின் எஞ்சின் பிரிந்து கிடந்தது.

நான் ஏறி உட்கார்ந்தாலே ஆஸ்பத்திரி மேட்டில் அது நின்றுவிடும். "அம்மாவ அங்கயே ஏதாவது முதியோர் இல்லத்துல விட்டுடலாம்" என்றான் என் மகன். நீ எழுந்து போய், உடைக்கப் போட்டிருந்த அதே காரின் பெரிய மாடலிலிருந்து, எஞ்சினுக்கு இழுவை கூட்டும் கிராங்கையும் பிஸ்டன்களையும் கழற்றி வந்தாய்.

"அண்ணன் சட்டைய தம்பிக்குப் போடுறியே, பொருந்துமாம்மா?" என்று சிரித்தார் மெக்கானிக்.

"உடம்பு ஒண்ணுதாண்ணே, மூச்சுதான் பெருசு."

பழைய வால்வுகளை வரிசையாகத் துணியில் வைத்திருந்தாய். இடம் மாறினால் சரியாக மூடாது என்றாய். அவனோ சாப்பிட இடமில்லையென்று எல்லாவற்றையும் கூடையில் வாரிப்போட்டான். நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

எனக்குப் படிப்பு குறைவு, ஆனால் பார்த்தது மறக்காது. ஒன்றின் தலை வெளுத்திருந்தது, ஒன்றின் ஓரம் கறுத்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தேன்.

"யார் என்ன சொன்னாலும் மறக்க மாட்டீங்களே அத்தை, அந்தக் குணத்துக்கு ஒரு கும்பிடு!" என்று சிரித்தாய்.

நேற்று வண்டி மூச்சு வாங்காமல் மேடேறியது. பெற்ற தாய்கூட எனக்கு இவ்வளவு செய்ததில்லை. நேரில் சொல்ல எனக்கு வராது; அதனால் இதை உன் ஸ்பானர் பெட்டியில் வைக்கிறேன்.

சிரித்த மெக்கானிக்கை மன்னித்துவிட்டேன். கூடையில் வாரியதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் நேற்று நாம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது என் துணிமணியைக் கட்டி வாசலில் வைத்திருந்தானே! நீதான் உள்ளே தூக்கிப் போனாய். மன்னிக்க முடியாதவன் ஒருவன்தான். அவன் நான் பெற்றவன்.

இந்த வீட்டிலேயே இருக்கப்போகும்
உன் அத்தை