சந்தனமேரியின் போணி

2-9-2020, புதன்

மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடியில் காயப்போட்ட ஐம்பது ரூபாய் நோட்டைக் காகம் கொத்திக்கொண்டு போய்விட்டது. கொரோனா இருந்தால் அதோடு போகட்டும். கணக்கில் ‘காகம் – 50’ என்று எழுதும்போதுதான் வயிறு எரிந்தது. இனி நோட்டே தொடுவதில்லை. மீன் பணத்தை இவர் போனிலிருந்து அனுப்பட்டும்.

3-9, வியாழன்

கட்டுமாவடியிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் சந்தனமேரி, அறந்தாங்கியில் எத்தனை தெரு இருந்தாலும் முதலில் என் வாசலில்தான் நிற்பாள். நான் போணி செய்தால் பத்து மணிக்குள் கூடை காலியாம். என் நோட்டைக் கண்ணில் ஒற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்புவாள். ஆறு வருடமாக இப்படித்தான். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். மாரியம்மா, மன்னித்துக்கொள்.

இன்று என் வீட்டுக்காரர் போனில் அமுக்கினார். பணம் போய்விட்டது. ஒற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் மேரி தன் கையையே பார்த்தாள்.

7-9, திங்கள்

“ஐயா போன்ல குடுத்த ரெண்டு நாளும் பாதி மீனு திரும்பிப் போச்சுக்கா. பணம் வந்துச்சு, ராசி வரலையே!”

“அதுக்குத் தனியா நெட் போடணும் போல” என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8-9, செவ்வாய்

அரிசி களையும்போது உறைத்தது. அமுக்குவது யார் விரல்? இவர் விரல்! இவர் நட்டால் முருங்கைக் கொம்புகூடப் பட்டுப்போகும். அந்த விரலையா அவள் பிழைப்பின் மேல் வைத்தேன்?

9-9, புதன்

மொபெட் எதிர்வீட்டுக் காத்தாயி வாசலில் நின்றது. காத்தாயி நோட்டாகக் கொடுக்கிறாள். ஆறு வருசம்டி மேரி! வெறும் மீனுதானா நம்ம பழக்கம்?

10-9, வியாழன்

நானே அமுக்கப் போகிறேன். ஒரு சுழி கூடிப்போனால் இருநூறு இரண்டாயிரமாகிவிடுமே – அதுதான் பயம். காலண்டர் தாளின் பின்பக்கம் எண்களைக் கட்டம் கட்டி விரலால் பழகுகிறேன்.

“நாளைக்கு வெள்ளிக்கெழம. தாளுக்கும் பொட்டு வச்சிரு” என்கிறார் இவர்.

14-9, திங்கள்

மொபெட் காத்தாயி வாசலுக்குப் போகுமுன் மறித்தேன். “இன்னைக்கு என் வெரலுடி!”

சுழியை இரண்டு தடவை எண்ணி, ஆத்தாளை நினைத்து அமுக்கினேன். அவள் போன் சிணுங்கியது. மேரி போனையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பத்து மணிக்கு அழைத்தாள். “அக்கா, கூடையக் கழுவியாச்சு!”

“புரட்டாசி பொறக்கப் போவுதுல்ல, ஊரே மீன அள்ளுது” என்றார் இவர். பொறாமை.

17-9, வியாழன், புரட்டாசி 1

மீன்சட்டி பரணுக்குப் போய்விட்டது. இனி ஒரு மாதம் மேரிக்கு இந்தத் தெருவில் வேலையில்லை என்று நினைத்தேன். விடிந்ததும் கட்டுமாவடிக் கரையிலிருந்து அழைக்கிறாள்.

“மீமிசல் பக்கம் போறேன்க்கா, அங்க புரட்டாசி பாக்காத வீடு நெறைய. நீங்க மீனு வாங்க வேணாம். ஒரு ரூவா மட்டும் அமுக்கி விடுங்க.”

குளித்து, விளக்கேற்றி, அமுக்கினேன். எந்தச் செலவில் எழுதுவது? மீனும் இல்லை, காணிக்கையும் இல்லை. ‘மேரி கூடைக்கு – 1.’

போன் இப்போது விளக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூடை காலி என்று அவள் சொல்லும்வரை இவர் அதைத் தொடக்கூடாது.