தன் வேலைக்குத் தானே ஒப்புதல்

மார்ச் 3, திங்கள்

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும் எங்கள் கோட் ரிவியூ கருவி வெள்ளிக்கிழமை புதிய பதிப்புக்கு மாறுகிறது. அதில் பொருத்திய ப்ளகின்களை (துணை நிரல்களை) மறுபடி கம்பைல் செய்ய, அதாவது ஓடும் வடிவுக்கு மாற்ற, பில்ட் விதிகள் எழுதும் வேலை எனக்கு. அதற்குள் முடியாதவற்றைக் கழற்றிவிடுவார்களாம். குழுத் தலைவன் (வயதில் தம்பி, பதவியில் அண்ணன்) ஒன்றைக் காட்டி, “இது போனா போகட்டும்க்கா. இதாலதான் எல்லாம் லேட்டாகுது” என்றான்.

எழுதியவரே தன் நிரலுக்கு ஒப்புதல் கொடுத்துவிடாமல் தடுக்கும் ப்ளகின் அது. நாங்கள் எழுதுவதோ மருத்துவமனைகளுக்கு மருந்தளவு கணக்கிடும் மென்பொருள். அந்த ப்ளகின் வருவதற்கு முன்னால் தலைவனே எழுதுவான், அவனே ஆமோதிப்பான். அதில் வரும் பிழைகளை விடுமுறை நாளில் துடைப்பது நான். போனால் யாருக்கு வசதி என்று கேட்க வாய்வரை வந்தது. அதையும் என் பட்டியலில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 4

மற்றவை வழிக்கு வந்துவிட்டன. அந்த ஒப்புதல் ப்ளகின் மட்டும் முரண்டு.

மார்ச் 5

கம்பைல் ஆயிற்று. கருவியிலும் ஏறிற்று. பிழையே இல்லை என்று எல்லாம் பச்சை. எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

“சிவப்பு வந்தா கவலை, பச்சை வந்தா சந்தேகம். அந்தக் கம்ப்யூட்டர் பாவம்மா, வேற என்னதான் செய்யும்?”

மார்ச் 6

சோதனைக் கருவியில் நானே ஒரு வரி எழுதி, நானே ஒப்புதல் கொடுத்தேன். தடையே இல்லாமல் போய்விட்டது! காவல்காரன் வாசலில்தான் நிற்கிறான், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான். என்ன எழவு இது, எங்க தப்பு பண்ணேன்? நாளைக்கு வெள்ளி.

“விட்டுடுங்கக்கா, எதுக்கு மல்லுக்கட்டறீங்க?” என்றான் தலைவன்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்கில்ல?”

“இருக்கு… நீங்க விட மாட்டீங்க.”

மார்ச் 7

பிடித்துவிட்டேன். கருவியிடம் ஏற்கெனவே இருக்கும் நூலகத்தை (லைப்ரரி என்கிற ஆயத்த நிரல் தொகுப்பை) ப்ளகினும் மூட்டை கட்டிக்கொண்டு போகும்படி விதி எழுதியிருக்கிறேன். விருந்துக்குப் போகிறவள் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போன கதை. ஒரே நூலகம் இரண்டு பிரதியாகிவிட்டது. கருவி ஒன்றிடம் கேட்கிறது, ப்ளகின் மற்றொன்றிடம் பதில் சொல்கிறது. ‘கம்பைல் செய்ய மட்டும், கூட எடுத்துப் போகாதே’ என்ற பகுதிக்கு அந்த வரியை மாற்றினேன். மறுபடி நானே எழுதி நானே ஒப்புதல் கொடுத்துப் பார்த்தேன். மறுத்துவிட்டது. எழுந்து போய்க் காபி குடித்தேன்.

மாலையில் மற்றவற்றோடு அதுவும் ஏறியது.

மார்ச் 12

தலைவன் வந்தான். “அக்கா, ஒரு ஓகே மட்டும் போடுங்க. சின்ன மாத்தம்தான்.”

“படிச்சிட்டுப் போடறேன்.”

“அஞ்சு வரிக்கா!”

அஞ்சையும் படித்தேன். ஒரு கேள்விதான் எழுதினேன்: ‘குழந்தையின் எடையை நிரப்ப மறந்துவிட்டால்?’ மறந்தால் பெரியவர்களுக்கான அளவு வரும். மறுபடி என் மேசை அருகே வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். “மாத்திடறேன்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மாற்றி அனுப்பியதைப் படித்துவிட்டு ஓகே போட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ?

மார்ச் 14

அந்த ஒப்புதல் ப்ளகினைப் பராமரிப்பவர் என்று யாருடைய பெயரும் இதுவரை இல்லை. இன்று தலைவன் தன் பெயரைச் சேர்த்து, ஒப்புதலுக்கு எனக்கு அனுப்பியிருந்தான். ஒரே வரி. படித்துவிட்டுக் கொடுத்தேன்.