துப்பாக்கிக்காரி படத்துக்குக் கூட்டம் வராத ஞாயிறு

இன்று காலை ஒருவர் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை என் ரேடியோ ரிப்பேர் கடை மேசையில் இறக்கினார். திருவிழாவுக்கு வேண்டுமாம், உடனே வேண்டுமாம். மூடியைக் கழற்றிக் கரண்ட் கொடுத்தேன். வால்வுகள் சூடேறி, மேலே படிந்திருந்த தூசி கருகியது. நம் ஜீப்பின் பின்சீட்டில் வந்த அதே வாசனை. ஸ்விட்சை அணைத்து, "இன்னிக்கு ஆகாது, நாளைக்கு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டேன். அவருக்குக் கோபம். இருக்கட்டும்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்குக் கடிதம் எழுத வராது. ரிப்போர்ட்தான் எழுத வரும். அப்படியே எழுதுகிறேன்.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷம். வண்டன்மேட்டுச் சினிமாக் கொட்டகைக்கு நீ விளம்பரக்காரன். ஜீப்பில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் நீ படம் சொல்வாய். பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் என் பொறுப்பு. அதற்கு முன்னால் நீ ஏலக்காட்டில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தாய். முதுகில் டப்பா, மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நெஞ்சு கெட்டுப்போய், இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதற்கு இருமினாய். மருந்து வாடையே உனக்கு ஆகாது என்றார் டாக்டர். சர்ச்சில் நீ வேதபாடம் வாசித்ததைக் கேட்ட கொட்டகை முதலாளி, கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். ஆறு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. அந்த மைக் உன் கையில் இருக்கும்வரை உன் நெஞ்சுக்குப் பயமில்லை. அது நம் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் நீ கம்பம் டவுனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாய். குதிரை, தொப்பி, துப்பாக்கி என்று இங்கிலீஷ் படங்களைப் போல எடுக்கிறோம் என்று நம் ஆட்கள் செய்வதையெல்லாம் கேலி பண்ணி எடுத்த படம். அதிலும் துப்பாக்கி பிடிப்பது ஒரு பெண். வில்லன் சண்டைக்கு நிற்கிறான்; இவள் கொண்டைமேல் தொப்பி உட்காரவில்லை. "கொஞ்சம் இதப் பிடிங்க" என்று தொப்பியை அவனிடமே கொடுத்துவிட்டு நிதானமாகக் கொண்டையை அவிழ்த்து முடிகிறாள். அதை நடுரோட்டில் நடித்துக் காட்டினாய். போன ஊரெல்லாம் விழுந்த படம். முதலாளியிடம் நீதான் மல்லுக்கு நின்று படப்பெட்டியை வரவழைத்தாய்.

வெள்ளிக்கிழமை ஆளில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிறு மத்தியானக் காட்சி நிறையாவிட்டால் நீ மைக்கைத் தொட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு ஜீப்பில் ஏறினாய். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நன்றாகத்தான் சொன்னாய். பிறகு தண்ணீர் குடிக்க மைக்கை என்னிடம் நீட்டினாய்.

"மாப்ள, வெள்ளிக்கிழமை பாத்தேல்ல. ஒளிக்காமச் சொல்லு, எப்படி?"

"குப்பைடா. ஆறு குண்டு போடுற துப்பாக்கில பதினோரு தடவ சுடுறா. நடுவுல ஒரு குண்டு ரொப்பல. எவன்டா பாப்பான் இத?"

மைக் ஸ்விட்ச் அணையவில்லை. கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது அதைத்தான், நான் பார்க்கவில்லை. "எவன்டா பாப்பான் இத" என்று எதிர்மலை திருப்பிச் சொன்னது.

ஐ.டி.ஐ. படித்தவன் என்று அந்த லயங்களில் என் பேச்சுக்கு மதிப்பு இருந்ததுதான் கேடு. இந்த ரேடியோ தேறாது என்று நான் சொன்னால் மறுகேள்வி இல்லாமல் பரணில் போட்டுவிடுவார்கள். ஒரு பெண் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஐ.டி.ஐ. தம்பியே சொல்லிருச்சு. நான் வெறகுக்குப் போறேன்டி."

நீ மைக்கைப் பிடுங்கினாய். என்னை அடிக்கப்போகிறாய் என்று நினைத்தேன்.

"கேட்டீங்களா தாய்மாரே! பதினோரு தடவ! எண்ணுன ஆளு இடைவேளையோட எந்திரிச்சு ஓடியாந்துட்டாரு. மிச்சத்த எண்ண ஆளு வேணும். ரெண்டரை மணிக்கு வந்துருங்க, நல்லா எண்ணத் தெரிஞ்ச ஆளா வாங்க!"

குழாயடியே சிரித்தது. சிரித்தார்கள், வரவில்லை.

கொட்டகையில் இருபது பேர் இருந்திருப்போம். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, எழுந்திருக்காதபடி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாய். கடைசிச் சண்டை. அவள் சுட்டுக்கொண்டே இருக்கிறாள். முன்பெஞ்சில் இரண்டு பெண்கள் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். பிறகு கொட்டகையே எண்ணியது. திடீரென்று துப்பாக்கி 'டிக்' என்றது. அவள் அதை ஆட்டிப் பார்த்தாள், குழலுக்குள் எட்டிப் பார்த்தாள், அப்புறம் நேராக நம்மைப் பார்த்துத் திரும்பினாள். "இவ்வளவு நேரமா எண்ணிக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என்னைப் போல ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுவான் என்று அந்தப் படம் எடுத்தவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

வெளியே வந்ததும் கேட்டாய்: "இப்பச் சொல்லு மாப்ள."

"பரவால்ல" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் பெட்டி பஸ் ஏறியது. "நீ பறஞ்சு கேட்டுத்தானேடா நான் இத எடுத்தது? இனி உன் வாக்கு எனக்கு வேண்டா" என்றார் முதலாளி, பாதி மலையாளத்தில். மைக் வயரைச் சிக்கில்லாமல் சுற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாய். அடுத்த வாரம் உன் முதுகில் டப்பா. வேறு வேலை பார்க்கலாமே என்றேன். "பாத்துக்கிட்டேதான்டா அடிக்கிறேன்" என்றாய். இருமல் திரும்பி வந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் நீ இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீ என்னிடம் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். வெள்ளியும் சனியும் என் வாயாலா கூட்டம் வரவில்லை என்று கேட்டிருப்பேன். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷமாக அதை எனக்குள் கேட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

போன மாதம் உன் வீட்டில் பல்பு எரியவில்லை என்று போயிருந்தேன். ஹோல்டரை மாற்றிவிட்டு இறங்கியபோது உன் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, கடைசி வரைக்கும் ஒரு படத்தச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சானே, துப்பாக்கிக்காரி படம், அது என்ன கதை?"

உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். கதை சொல்ல எனக்கு வராது, தெரியும். ஆனாலும் கொண்டை முடிந்து காட்டினேன், துப்பாக்கியை ஆட்டிக் காட்டினேன். படத்தைப் பற்றிக் குறை ஒன்றும் நான் சொல்லவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீ சிரிப்பது போலவே தோள் குலுங்கியது.

"நல்ல படமாப்பா?"

"ரொம்ப நல்ல படம்மா." உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"பின்ன ஏன் ஆள் வரல?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "ஆமா, அன்னிக்கு மழைல்ல? அவன்தான் சொன்னான். கொட்டுற மழை, லயத்த விட்டு ஒருத்தரும் எறங்கலம்மான்னு" என்றார்.

அன்று ஒரு தூறல்கூட இல்லை, மாப்ள. கொடியில் போட்ட துணியெல்லாம் மத்தியானத்துக்குள் காய்ந்து மொடமொடவென்று நின்றது. யார் தப்பாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்துகிறவன் நான். என்னைக் காப்பாற்றுவதற்காக நீ பெய்யவைத்த மழையைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாம்மா, நல்ல மழை" என்றேன்.

அவர் இருக்கும்வரை அன்று மழைதான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.