மஞ்சள் வைத்த சட்டை

நேசன் அப்பா,

சோறும் மீன்குழம்பும் மேசையில் இருக்கின்றன. நான் பாச்சாங்கில் இருக்கிற பெண்கள் காப்பகத்துக்குப் போகிறேன்.

அங்கே வாங்கி, மஞ்சள் வைத்துச் சாமி மேடையில் வைத்த உங்கள் தீபாவளிச் சட்டையை மோட்டார் சைக்கிள் துடைக்கிற கந்தலோடு போட எப்படி மனசு வந்தது? "அந்த மாதிரி பொண்ணுங்க தைச்சத சாமிகிட்ட வைப்பியா?" என்று கேட்டீர்களே. ஓட்டல் வேலை என்று அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் விற்றவன் ஏஜென்ட். அசிங்கம் அவனுக்கா, பிள்ளைகளுக்கா?

தைத்தது மோகனா. நாம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டில் வளர்ந்தவள். தீபாவளிக்கு அவளைக் கூட்டி வருகிறேன். சட்டையை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். நாங்கள் வருவதற்குள் உங்கள் கையாலேயே மஞ்சள் வைத்து, எடுத்த இடத்தில் வையுங்கள்.

பவானேஸ்வரி

சட்டையின் உள்பக்கம் ஒரு பை இருக்கிறது, பார்த்தீர்களா? நான் கேட்கவில்லை. "மாமா கண்ணாடிய எங்கயாவது வச்சிட்டுத் தேடுவாருலா" என்று அவளாகவே தைத்தாள்.