பால் ஊற்றிய கோழி

மதினி,

நேற்று அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு பரளச்சி பஸ்ஸுக்காக நின்றேன். எதிரே புதிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறார்கள். உள்ளே யாரோ ஓவனின் கதவைத் திறந்திருக்க வேண்டும். வெண்ணெயும் மிளகும் கோழியும் சேர்ந்து முறுகுகிற வாசனை ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் மனதுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது.

நீங்கள் முதல் தடவை குவைத்துக்குக் கிளம்பியபோது, அண்ணன் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தது. இரண்டு வருஷமாக மழை இல்லை. பருத்தி காட்டிலேயே கருகி நின்றது. பெரியவனுக்கு நாலு வயது. சின்னவன் அப்போதுதான் பால் மறந்திருந்தான். பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டார் என்னைத் திருப்பி அனுப்பி, நான் அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வாசலில் கார் நின்றது. சின்னவனை உங்கள் இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு மாற்றினீர்கள்.

"இவன எறக்கி விட்டுறாத ஆத்தா" என்றீர்கள்.

நான் இறக்கிவிடவே இல்லை மதினி. நான் செய்த தப்பு எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கியது.

பதினோரு வருஷம். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தீர்கள். இரண்டு தடவையும் சின்னவன் உங்களைப் பார்த்ததும் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். "விருந்தாளி போல பாக்குறான்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அப்போதே அறிந்துதான் இருந்தேன்.

பிறகு ஒரேயடியாக வந்துவிட்டதாகச் சொல்லி வந்து இறங்கினீர்கள். பெட்டியில் கம்பளிக்குள் கம்பளியாகச் சுற்றி ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. நீளமானது, ஆழமானது, இரண்டு பக்கமும் பிடி வைத்தது. வேலை பார்த்த வீட்டு அம்மா கொடுத்ததாம். அடுத்த வாரமே டவுனுக்குப் போய் ஒரு கரண்ட் ஓவனும் வாங்கி வந்தீர்கள். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட வேண்டும் என்ற ஒரே ஆசை உங்களுக்கு. அவர்கள் உங்களை "நீங்க" என்றார்கள். என்னை "நீ" என்றார்கள். "அம்மா, நீங்க சாப்டீங்களா?" என்று பெரியவன் கேட்கும்போதெல்லாம், கணக்கு வாத்தியாரிடம் கேட்பது போல இருக்கும். அந்தச் சொல் உங்கள் மேல் விழும்போது உங்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். "அம்மாவ நீன்னு கூப்புடுங்கடா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு "கேசரோலு" என்றீர்கள். அதைக் கேசரி என்று நினைத்துச் சின்னவன் ஓடி வந்தான். கண்ணாடித் தட்டில் அடுக்கிய கோழியைப் பார்த்ததும் திகைத்து நின்றான். அன்றைக்கு நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"அங்க வெள்ளிக்கெழமயானா அந்த வீட்டுப் பிள்ளைக அடுப்படி வாசல்லயே உக்காந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கை வட்டவட்டமாக அரிந்தீர்கள். "எறக்கி வைக்கிற வரைக்கும் எந்திரிக்காது."

சுற்றுக்காட்டில் மோட்டார்கள் ஓடும் நேரம் அது. பல்பே மினுக்மினுக்கென்று எரிந்தது. உங்கள் ஓவன் சூடேறவே இல்லை. ஒரு மணி நேரம் ஆகியும் கோழி பச்சையாகவே கிடந்தது. நீங்கள் அசரவில்லை. பெரிய அண்டாவை விறகடுப்பில் ஏற்றி, அடியில் மணலைக் கொட்டிப் பரப்பினீர்கள். மணல் காய்ந்ததும் அதன்மேல் முக்காலி வைத்து, ஒரு அலுமினியத் தட்டில் எல்லாவற்றையும் மாற்றி உள்ளே இறக்கி மூடினீர்கள். மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டீர்கள். வெளியே எடுத்தபோது மேலே பொன்னிறமாக முறுகியிருந்தது. ஓரத்தில் பால் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வாசனை நம் வீட்டில் அதற்கு முன்பு எழுந்ததே இல்லை.

பெரியவன் இரண்டு வாய் வைத்துவிட்டு, "காரமே இல்ல, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்று எழுந்துவிட்டான். சின்னவன் எழுந்திருக்கவில்லை. முறுகிய ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டித் தின்றான். தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் இருக்காம்மா?" என்றான்.

அந்த "அம்மா"வில் மரியாதை இல்லை. பசிதான் இருந்தது. நீங்கள் முறுகிய ஓரமாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தீர்கள். பதினோரு வருஷம் சளிக்கும் காய்ச்சலுக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்தவள் நான். ஒரு தட்டுக் கோழியில் அவனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்களே என்று நினைத்தேன். பெற்றவள் நீங்கள் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவே இல்லை.

மறுநாள் காலையில் சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். நீங்கள் பதறிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அவன் டவுசரைத் துவைக்க எடுத்தேன். இரண்டு பையிலும் கொடுக்காப்புளித் தோலும் கொட்டையும் அடைத்துக்கொண்டு இருந்தன. முதல் நாள் சாயங்காலம் கண்மாய்க் கரையில் பறித்துத் தின்றிருக்கிறான். பழுத்தது, பழுக்காதது என்று பார்க்காமல் தின்றிருக்கிறான். கொல்லையில் நின்று அதை உதறினேன். உதறிவிட்டு உள்ளே வந்தேன். அண்ணன் இருந்தது, பெரியவன் இருந்தான், நீங்கள் இருந்தீர்கள்.

"பாலையும் கோழியையும் சேத்துப் போட்டா வெசம்னு நம்மூருல பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும்" என்றேன். "அந்த ஊரு வயிறு வேற, நம்ம பிள்ளைக வயிறு வேற மதினி."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். "ஆமாத்தா, நான் யோசிக்கல" என்று மட்டும் சொன்னீர்கள். மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டுபோய் நாய்க்கு வைத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சமைத்தாலும் சின்னவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் கை வைத்தான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், அண்ணன் காட்டில் இருந்தது. நீங்கள் மறுபடியும் அண்டாவை ஏற்றினீர்கள். நான் வாசற்படியில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் யாரிடமும் சொல்லாதது போலச் சொல்லிக்கொண்டே செய்தீர்கள்.

"அரிசிய அரவேக்காடா வடிச்சு அடியில பரப்பணும். அதுக்கு மேல வெங்காயம், கெழங்கு, கோழி. வெண்ணெயில மைதாவப் பச்ச வாட போக வறுத்து, பால கொஞ்சங் கொஞ்சமா ஊத்திக் கிண்டணும், கட்டி தட்டக் கூடாது. மெளகு, உப்பு. நாட்டுக்கோழி வேணாம், வேகாது. மேல ரஸ்க்குத் தூளு. நாப்பது நிமிசம்."

உங்களுக்குத் தனியாகப் பேசும் பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பெரிய வீட்டு அடுப்படியில் பதினோரு வருஷம் ஒற்றையாக நின்ற மனுஷிதானே என்று நினைத்தேன். எனக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தீர்கள். "வேணாம் மதினி, வயிறு சரியில்ல" என்றேன். நீங்கள் மட்டும் உட்கார்ந்து கொஞ்சம் சாப்பிட்டீர்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அங்க திரும்பக் கூப்புடுறாக. போயிட்டு வாரேன்" என்றீர்கள். அப்போதுதான் புரிந்தது, அவ்வளவு நேரமும் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் போன பிறகு உங்கள் பிள்ளைகளுக்கு நான் செய்து போடட்டும் என்று.

அண்ணன் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "நான் சொன்னா கேக்க மாட்டா. நீ ஒரு வார்த்த சொன்னா இருந்துக்கிருவா. சொல்லேன்" என்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இந்தத் தடவை வாசலில் கார் நின்றபோது உங்கள் இடுப்பிலிருந்து இறக்க யாரும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் "பாத்துப் போங்கம்மா" என்றார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் சின்னவனுக்கு விஷக்காய்ச்சல். ஐந்து நாள் ஒன்றும் இறங்கவில்லை. கஞ்சியைத் துப்பினான், ரசத்தைத் துப்பினான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்டாவை ஏற்றினேன். நீங்கள் சொன்ன வரிசை ஒன்றுகூட மறக்கவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான். "ஒன் கைப்பக்குவமே தனி அத்த" என்றான். உங்கள் கையால் ஒரு தடவை தின்றது காய்ச்சல் மயக்கத்தில் அவனுக்கு நினைவு வரவில்லை. இது உன் அம்மா சொல்லிக்கொடுத்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அந்த வாரம் நீங்கள் போன் செய்தபோது அவனே சொல்லிவிட்டான். "அத்த ஒரு கோழி செஞ்சு குடுத்துச்சும்மா, பால் ஊத்தி. அதத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன்." நீங்கள் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னீர்கள்.

"மேல ரஸ்க்குத் தூளு போட்டியாத்தா?"

"போட்டேன் மதினி."

"நல்லது. தின்னான்ல. அது போதும்."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான். அந்த வீட்டில் காலையில் எழுப்பப் போனவர்கள், தூக்கத்திலேயே போய்விட்டிருந்த உங்களைப் பார்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. திருச்சி வரை விமானம், அங்கிருந்து ஆம்புலன்ஸ். உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்து முடித்த மறுநாள், நீங்கள் வேலை பார்த்த வீட்டுப் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். இருபது வயது இருக்கும். ஏதோ இங்கிலீஷில் சொல்லிச் சொல்லித் தேம்பினாள். அழுகையில் மூக்கெல்லாம் சிவந்திருந்தது. என்ன சொல்கிறாள் என்று அண்ணன் கேட்டது. மொட்டைத் தலையோடு நின்ற சின்னவன் அர்த்தம் சொன்னான்.

"வெள்ளிக்கெழமை இனிமே அடுப்படிக்கே போக மாட்டேங்குறாப்பா. அம்மா செய்ற கோழிய நெனச்சு அழுகுறா."

அவன் கண்ணில் தண்ணீர் இல்லை. வேறு யார் வீட்டுத் துக்கத்தையோ படித்துக் காட்டுவது போலச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் அழ வேண்டியதை நான்தான் அவனிடமிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது பெரியவன் திருப்பூரில், சின்னவன் ஓசூரில். பொங்கலுக்கு வருவதே அபூர்வம். அண்ணனுக்குப் பல் போய்விட்டது, கஞ்சிதான் குடிக்கிறது. யாரை இடுப்பிலிருந்து இறக்க மாட்டேன் என்று நின்றேனோ அவனும் என்னிடம் இல்லை.

நேற்று அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்ததும் சின்னவனுக்குப் போன் போட்டேன். எத்தனையோ வருஷமாக அடைத்துக் கிடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஏலே, அந்தப் பால் ஊத்துன கோழி நான் கண்டுபிடிச்சதில்லடா. ஒங்கம்மா சொல்லிக் குடுத்தது. ஒனக்கு அன்னிக்கு வயிறு வலிச்சது கொடுக்காப்புளியால. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அம்மா மேல போட்டேன்."

மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வேலைக்குள் போகப் போகிறான் போல.

"அம்மாவா? அம்மா எப்ப அத்த அதச் சமைச்சாங்க?" என்றான். "எனக்கு ஞாபகமே இல்ல. நீ செஞ்சு குடுத்ததுதான் ஞாபகம்."

"இல்லடா, மொதல்ல அவுகதான். நீ இன்னுங் கொஞ்சம் வேணும்னு கூடக் கேட்ட."

"சரி, இருக்கட்டும். இதுக்கா கூப்புட்ட? நான் என்னமோ அப்பாவுக்குத்தான் முடியலையோன்னு பயந்துட்டேன். ஷிப்ட்டுக்கு நேரமாச்சு அத்த, வைக்கட்டா?"

வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அண்ணனிடம் போய் உட்கார்ந்து அதையே சொன்னேன். "எந்தக் கோழி?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

நான் செய்ததைத் திருப்ப முடியாது மதினி. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தானே இறக்கி வைக்க முடியும். அந்தக் கோழி உங்கள் கைப்பக்குவம் என்று நினைவில் வைத்திருப்பவர்கள், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் இனி இரண்டு பேர்தான். ஒருத்தி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்னொருத்தி, அதை மறைத்தவள்.